மூச்சின்மேல் வைத்த கண்

ஐதராபாத்தின் வடகிழக்கில், செகந்திராபாத்தையும் தாண்டி, குஷாய்குடாவுக்கும் சைனிக்புரிக்கும் நடுவே பரந்துகிடக்கும் ஏ.எஸ்.ராவ் நகர், ஒரு பொறியாளரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு. அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் தொடங்கப்பட்டு, அப்பகுதியில் எல்லோராலும் 'ஈசிஐஎல்' என்று சுருக்கிச் சொல்லப்படும் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனத்தை உருவாக்கிய ஐயகாரி சாம்பசிவ ராவே அந்தப் பொறியாளர். அவருடைய ஆலை ஊழியர்களின் வீடுகளைச் சுற்றித்தான் இந்த நகர் வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சை அளந்து சொல்லும் கருவிகளைச் செய்து பழகியவர்கள் குடியேறிய அந்தத் தெருக்களில் இன்று தனியார் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் பரிசோதனைக் கூடங்களும் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் அவசரப் பிரிவுகளில் மயங்கிய நிலையில் ஒருவர் கொண்டுவரப்பட்டால், முதலில் அவர் விரலில் ஒரு சிறு கவ்வி மாட்டப்பட்டு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் நாடித்துடிப்பும் எண்களாகத் திரையில் வந்துவிடும். ஆனால் அந்த மயக்கம் அபின் வகை மருந்தால் வந்ததாக இருந்தால், அந்த இரண்டு எண்களும் ஓரளவு நன்றாக இருக்கும்போதே ஆள் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கக்கூடும் என்பதும், பார்க்க வேண்டியது திரையை அல்ல, ஏறியிறங்கும் மார்பை என்பதும் மருத்துவப் பணியாளருக்குச் சொல்லித்தரப்பட வேண்டிய பாடங்கள். அந்தப் பாடத்துக்கு இதே நகரத்தில், ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தென்மேற்கே மூசி ஆற்றின் கரையில், 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு முன்வரலாறு உண்டு.

அந்த வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வது நல்லது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அதிலிருந்து நேராகப் பிரித்தெடுக்கப்படும் மார்பினும் கோடீனும், மார்பினை மாற்றிச் செய்த ஹெராயினும், செடியின் தொடர்பே இல்லாமல் ஆய்வகத்தில் பிறந்த ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால் போன்றவையும் சேர்ந்த குடும்பத்துக்கு ஓபியாய்டுகள் என்று பெயர். வலியை உணரும் நரம்புகளை அடக்கும் இவை, மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்புக்கூட்டத்தையும் மந்தமாக்கும். இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது 'மூச்செடு' என்று உடல் தனக்குத்தானே இடும் கட்டளை அப்போது தளர்ந்துபோகும். அளவு மீறியவரைப் பார்த்தால் ஆழ்ந்து உறங்குபவரைப் போலவே இருப்பார், குறட்டைகூடக் கேட்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு எட்டாகி, நான்காகி, பிறகு நின்றுவிடும். மூச்சு நின்ற பிறகும் இதயம் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டிருப்பதால், நாடியை மட்டும் பிடித்துப் பார்த்து 'பயமில்லை' என்று சொல்லிவிட இடமுண்டு. வைத்தியர் என்றாலே நாடி பிடிப்பவர் என்னும் எண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஐதராபாத்தின் யூனானி ஹகீம்களும் மணிக்கட்டில் விரல் வைத்தே தொடங்கினார்கள், லண்டன் மருத்துவர்களும் அப்படியே.

நாடியா, மூச்சா என்ற இந்த வழக்கு 19ஆம் நூற்றாண்டில் குளோரோஃபாமை முன்னிட்டு எழுந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 நவம்பரில் குளோரோஃபாமை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்திய சில வாரங்களிலேயே, 1848 ஜனவரியில், நியூகாசில் அருகே கால்விரல் நகத்தை எடுப்பதற்காக அதை முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்துபோனாள். சிறிய அறுவை, ஆரோக்கியமான பெண், கணப்பொழுதில் சாவு என்ற இந்த வரிசை அதற்குப் பிறகு பல ஊர்களில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. செறிவான ஆவி இதயத்தை நேரடியாக முடக்கிவிடுகிறது என்று லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ விளக்கினார். ஆகவே மயக்க மருந்து கொடுப்பவரின் விரல் நாடியை விட்டு அகலக் கூடாது என்பது லண்டன் பள்ளியின் நியதியாயிற்று. எடின்பரோவின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமோ, மூச்சு கெடாமல் பார்த்துக்கொண்டால் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று கற்பித்தார். அவருடைய மருமகனான ஜோசப் லிஸ்டரும் அந்தப் பக்கமே நின்றார். இரு பள்ளிகளும் ஒன்றையொன்று ஏளனமாகப் பார்த்தன, சாவுகள் தொடர்ந்தன.

சைமின் மாணவர்களில் ஒருவரான எட்வர்ட் லாரி 1885இல் ஐதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்சல்கஞ்ச் மருத்துவமனையும், 1846இல் தொடங்கி உருது மொழியில் பாடம் நடத்திவந்த ஐதராபாத் மருத்துவப் பள்ளியும் அவர் பார்வையில் வந்தன. பள்ளியின் பயிற்று மொழி ஆங்கிலமாக மாறியதும் பெண்கள் சேர்க்கப்பட்டதும் அக்காலத்தில்தான். லாரியின் அறுவை அரங்கில் குளோரோஃபாம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நிபுணர்கள் அல்லர். அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த உள்ளூர் மாணவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி சுருக்கமானது: கண்ணும் காதும் மூச்சின் மேல் இருக்க வேண்டும், நாடியைத் தொடவே கூடாது. சிக்கலான கோட்பாட்டைக் கற்றுத் தேறிய ஒரு மேதையை நம்பி அரங்கை நடத்தாமல், எவரும் பழகிக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு கவனத்தை நம்பி நடத்திய முறை இது என்பதுதான், லாரியின் பிடிவாதங்களையும் தவறுகளையும் கடந்து, இன்றும் எண்ணிப்பார்க்கத் தக்கதாக இருக்கிறது.

தன் முறை சரியென்று நிறுவ லாரி 1888இல் ஓர் ஆணையத்தை அமைத்தார். நாய்களின் மேல் நடத்திய சோதனைகளில் எப்போதும் மூச்சே முதலில் நின்றது என்றும் இதயம் பிறகே நின்றது என்றும் அது அறிவித்தது. லண்டனின் 'லான்செட்' இதழ் இதை நம்பவில்லை. அப்போது ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசு ஒரு வியப்பான காரியம் செய்தது. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கட்டும் என்று, லான்செட் தேர்ந்தெடுக்கும் ஒரு விஞ்ஞானி ஐதராபாத்துக்கு வந்து சோதனைகளைத் திரும்ப நடத்த 1,000 பவுன் கொடுக்க முன்வந்தது. இதயத்தைப் பற்றிய பழைய கருத்தையே கொண்டிருந்தவரும், மார்புவலிக்கு அமைல் நைட்ரைட் பயன்படும் என்று 1867இல் காட்டிப் புகழ்பெற்றவருமான மருந்தியல் அறிஞர் தாமஸ் லாடர் பிரன்டன் 1889 அக்டோபரில் கப்பலேறி வந்தார். அந்த ஆண்டின் இறுதிவரை இரண்டாம் ஆணையம் நாய்கள், குரங்குகள், ஆடுகள், முயல்கள் என்று நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டு சோதித்தது. பிரன்டன் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக ஐதராபாத்திலிருந்து தந்தி போயிற்று. 1890இல் லான்செட்டில் முழு அறிக்கையும் வெளிவந்தது. ஒரு சுதேச சமஸ்தானத்தின் கஜானா ஐரோப்பிய மருத்துவத்தின் நடுநாயகமான ஒரு சர்ச்சைக்குச் செலவழித்தது என்ற செய்தியில் நிஜாமுக்கு எவ்வளவு பெருமையோ, அந்த வாயில்லா ஜீவன்களின் கணக்கில் அவ்வளவு சங்கடமும் உண்டு.

ஆணையம் கடைசியில் எழுதிவைத்த நடைமுறை விதிகள் சோதனைகளைவிட நீண்டகாலம் வாழ்ந்தன. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் இறுக்கமான துணி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மருந்து கொடுப்பவர் தம் கவனம் முழுவதையும் மூச்சின் மேல் வைக்க வேண்டும். மூச்சு தடைப்படும் அறிகுறி தெரிந்த உடனே மருந்தை நிறுத்தி, கீழ்த்தாடையை முன்னுக்குத் தூக்கி, தேவையானால் நாக்கை வெளியே இழுத்து, தாமதமின்றிச் செயற்கை மூச்சைத் தொடங்க வேண்டும். ஆணையத்தின் அடிப்படை முடிவு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. மெல்பர்னில் எம்ப்ளி என்ற மருத்துவர் 1902இலும், பிறகு லண்டனில் லெவி என்பவர் 1911இலும், மயக்கம் ஆழமாகாத நிலையிலேயே குளோரோஃபாம் இதயத்தின் தாளத்தைச் சிதறடித்து நிறுத்திவிட முடியும் என்று காட்டினார்கள். ஹன்னா கிரீனரைப் போன்றோர் அப்படித்தான் இறந்திருக்க வேண்டும். அந்த வகையில் லாரி தோற்றார். எனினும் அவர் சொன்னது எந்த மருந்துக்குப் பொருந்தவில்லையோ அந்த மருந்தே வழக்கொழிந்துபோக, அவர் அதிகம் பேசாத அபின் இனத்துக்கு அது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது என்பது வரலாற்றின் விளையாட்டு.

இந்தப் பயிற்சியின் பெண் முகமாக ரூபாபாய் ஃபர்தூன்ஜியைச் சொல்ல வேண்டும். பார்சி குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1885இல் ஐதராபாத் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த முதல் பெண் மாணவிகளுள் ஒருவர். 1889இல் 'ஹகீம்' என்ற பட்டத்தோடு வெளிவந்தார். லாரியிடம் குளோரோஃபாம் கொடுக்கப் பழகி, பின்னர் ஐதராபாத்தின் மருத்துவமனைகளில் அதையே தொழிலாகக் கொண்டார். தன் பணியில் கையாளும் வாயுக்களையும் திரவங்களையும் நன்றாகப் புரிந்துகொள்ள 1909இல் எடின்பரோ சென்று இயற்பியலும் வேதியியலும் படித்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் அவரை வைப்பது வழக்கம். மயக்க மருத்துவம் தனித் துறையாகவே உருப்பெறாத காலத்தில், கத்தி பிடிப்பவருக்குக் கிடைத்த புகழில் ஒரு துளியும் மூச்சைக் காத்தவருக்குக் கிடைக்காத அந்தத் தொழிலை, ஒரு பெண் வாழ்நாள் வேலையாக ஏற்றது கவனத்துக்குரியது. அவர் பயின்ற அப்சல்கஞ்ச் மருத்துவமனையை 1908 செப்டம்பரில் மூசி வெள்ளம் அழித்தது. அவ்விடத்தில் எழுந்த உஸ்மானியா பொது மருத்துவமனையின் வளாகத்தில், வெள்ளத்தன்று கிளைகளில் ஏறியவர்களைக் காப்பாற்றிய புளியமரம் இன்னும் காட்டப்படுகிறது.

அபின் இக்கதையில் ஓரமாக முன்பே நுழைந்துவிட்டது. குளோரோஃபாம் ஆய்வுகளில் லாரியோடு பங்குகொண்ட நிஜாம் அரசின் மருத்துவர் பாட்ரிக் ஹெஹிர் 1894இல் அபினின் உடல், ஒழுக்க, சமூக விளைவுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். லண்டன் நாடாளுமன்றம் அமைத்த அபின் ஆணையம் 1893 முதல் 1895 வரை நாடு முழுவதும் சாட்சியம் கேட்ட காலம் அது. இந்தியர்கள் அபினை உண்பதால் பெருங்கேடு ஏதும் இல்லை என்ற முடிவுக்கு அந்த ஆணையம் வந்தது. அரசின் காஜிப்பூர் அபின் தொழிற்சாலையின் வருமானம் யாருக்குப் போயிற்று என்பதை நினைத்தால் அந்த முடிவில் ஆச்சரியமில்லை. அழுகிற குழந்தைக்கு அபின் கலந்து கொடுத்து உறங்கவைப்பது, கூலிவேலை முடித்தவர் உருண்டையாக விழுங்கிப் படுப்பது, தற்கொலைக்கு அதையே நாடுவது ஆகிய மூன்றும் அன்று வழக்கில் இருந்தன. அபின் நஞ்சுண்டவரை உறங்கவிடாமல் நடக்கவைத்து, கடுங்காப்பி புகட்டுவதே அக்கால மருத்துவப் புத்தகங்களின் சிகிச்சை. உறக்கம்தான் எதிரி என்று நினைத்தார்கள். மூச்சுக்கு உதவினால் உறங்குபவர் தாமே விழிப்பார் என்பது அப்சல்கஞ்ச் அரங்கில் தெரிந்திருந்தும் அபின் நஞ்சுண்டவரின் கட்டில்வரை போய்ச்சேரவில்லை.

மாற்று மருந்து வந்தது மிகப் பிந்தி. ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் உருவாக்கி 1961இல் காப்புரிமை கோரிய நாலக்சோன், 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 1983இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் அதைவிட இறுக்கமாக ஒட்டி, ஆனால் அதன் செயலைச் செய்யாமல், அதைத் தள்ளிவிடுவதே இதன் வேலை. இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்புவதைக் கண்ணால் காணலாம். ஆனால் அந்த விளைவு 30 முதல் 90 நிமிடங்கள்வரையே நீடிப்பதால், உடலில் அதைவிட நெடுநேரம் தங்கும் மருந்தை உட்கொண்டவர் எழுந்து பேசிவிட்டு மீண்டும் மூச்சடங்கிப் போகக்கூடும். ஓபியாய்டுக்குப் பழகிய உடலில் இதை ஒரேயடியாக அதிகம் செலுத்தினால், அவர் விழித்தெழும் கணத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தாங்கமுடியாத உடல்வலி என்று விலகல் துன்பம் முழு வேகத்தில் வந்து தாக்கும். அந்த வேதனையோடு மருத்துவமனையை விட்டு ஓடுபவர் அதைத் தணிக்க மீண்டும் அதே மருந்தைத் தேடிப்போவார். ஒரு மணி நேரத்தில் நாலக்சோனின் காவலும் விலகிவிடும்.

ஆகவே இந்தப் பயிற்சியில் திறமையும் கனிவும் இரு வேறு பாடங்களாக இல்லை. முதலில் தாடையைத் தூக்கிக் காற்றுவழியைத் திறந்து, 'ஆம்பு பேக்' என்று வார்டுகளில் சொல்லப்படும் கைப்பையால் மூச்சு கொடுத்து, பிறகு நாலக்சோனைச் சிறுசிறு அளவாகச் செலுத்தி, நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்து பெயரும் முகவரியும் சொல்வது சிகிச்சையின் இலக்கு அல்ல. இப்படிச் செய்பவர் நோயாளியைத் தண்டிக்காமல் காப்பாற்றுகிறார். 'கொஞ்சம் வலித்தால்தான் புத்தி வரும்' என்று முழு ஆம்பியூலையும் ஏற்றுபவர், அவர் அறியாமலே, மருத்துவத்தில் தவறும் செய்கிறார். விரல்கவ்வியின் எண்ணை நம்பக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்த பாடம்: முகமூடி வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு குறைந்து கரியமில வாயு சேர்ந்துகொண்டே போனாலும் அந்த எண் வெகுநேரம் 95க்கு மேலேயே நிற்கும்.

இந்தியாவில் இப்பாடம் பரவாமல் போனதற்கு அறியாமையைவிட அச்சமே பெரிய காரணம். போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது கடத்தல்காரர்களுக்காக எழுதப்பட்ட அதன் கடும் தண்டனைகள் மருத்துவமனைக் கிடங்கின் கணக்குப் பிழைகளுக்கும் பொருந்தின. ஒரு பெட்டி மார்பின் வாங்கப் பல துறைகளின் உரிமங்கள் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டியிருந்தது. மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்திவிட்டன. நாட்டின் மார்பின் நுகர்வு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரிந்து 1997இல் ஆண்டுக்கு 18 கிலோவில் வந்து நின்றது. உலகுக்குச் சட்டப்படி அபின் ஏற்றுமதி செய்யும் முதன்மை நாட்டில், புற்றுநோயால் துடித்தவர்களுக்குச் சில மில்லிகிராம் கிடைக்கவில்லை. அதைவிடக் கவனிக்கப்படாத விளைவு ஒன்றுண்டு: மார்பினைக் கையால் தொட்டே பார்க்காத ஒரு தலைமுறை மருத்துவர்களும் செவிலியர்களும் உருவானார்கள். எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், மீறினால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் ஒரே கையின் அறிவு. கொடுத்துப் பழகாதவருக்கு மீட்கவும் தெரியாது.

அந்த அச்சத்தை உடைத்த முயற்சி கோழிக்கோட்டில் தொடங்கியது. எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் என்ற மருத்துவர்கள் 1993இல் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், மார்பின் மாத்திரைகளைப் புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. ராஜகோபாலும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2001இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு, இரண்டு ஆண்டுகளில் அப்படி மார்பின் பெற்ற 1,723 பேரில் எவரிடமும் அது தவறான கைக்குப் போகவில்லை என்று காட்டியது. ஐதராபாத் ஆணையத்தை ஐயத்தோடு வரவேற்ற அதே இதழில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, தென்னிந்தியாவிலிருந்து இன்னொரு மருந்தச்சத்தைக் கலைக்கும் கட்டுரை. சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டின் விதிகள்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒன்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அனுமதி பெற்றால் போதும் என்றாயிற்று.

ஐதராபாத்தில் இந்த வழி பெரும் அறிவிப்புகளோடு வரவில்லை. ரெட் ஹில்ஸ் பகுதியில் 1955இல் தொடங்கிய மெஹதி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனையில், காயத்ரி பாலாட் என்ற மயக்க மருத்துவர் 2006ஐ ஒட்டித் தொடங்கிய நோய்த்தணிப்புப் பிரிவாக வந்தது. அவர் மயக்க மருத்துவத் துறையிலிருந்து வந்தது தற்செயலன்று; இந்தியாவில் நோய்த்தணிப்பு மருத்துவத்தைத் தொடங்கியவர்களில் பலர், ராஜகோபால் உட்பட, அத்துறையினர்தாம். மார்பினுக்கு அஞ்சாதவர்கள் மருத்துவமனையில் அவர்கள் மட்டுமே, ஏனெனில் நின்ற மூச்சை மீட்கும் வேலை அவர்களுக்குத் தினசரிப் பழக்கம். அந்தப் பிரிவு மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சியளிக்கும் இடமாக வளர்ந்தது. தெலங்கானா அரசும் பிற்பாடு மாவட்ட மருத்துவமனைகளில் நோய்த்தணிப்பு மையங்களைத் திறந்தது. வலி இருக்கும்வரை சரியாக அளந்து கொடுத்த மார்பின் மூச்சை நிறுத்துவது அரிது, உறக்கம் கூடுவது முதல் எச்சரிக்கை, மூச்சைக் கைக்கடிகாரம் வைத்து முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பன அங்கே செவிலியர் கற்கும் தொடக்கப் பாடங்கள்.

வலிக்காக மார்பின் பெறுபவரிடம் எளிதாக வரும் இரக்கம், ஊசிபோட்டு மயங்கியவரிடம் எளிதில் வருவதில்லை. 2019இல் வெளியான அரசின் தேசிய ஆய்வு, இந்தியர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேலானோர் ஏதேனும் ஓபியாய்டைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. அவர்களில் ஹெராயின் பயன்படுத்துவோர் பாதிக்கு மேல், வலி மாத்திரைகளை நாடுவோரும் ஏறத்தாழ அந்த அளவு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், போதைக்கு ஆட்பட்டவரை நோயாளியாகப் பார்க்கத் தமிழகத்துக்குக் கற்பித்த முதல் இடங்களில் ஒன்று. அந்தப் பத்தாண்டில் 'பிரவுன் சுகர்' என்றும் 'பவுடர்' என்றும் சொல்லப்பட்ட பழுப்பு ஹெராயின் சென்னையின் தெருக்களுக்கு வந்து, 1990களின் தொடக்கத்தில் புப்ரநார்ஃபின் ஊசியாக மாறியது; இன்று தமிழகத்தின் சிற்றூர்களில்கூட வலி மாத்திரைகளை நீரில் கரைத்து ஊசியேற்றும் பழக்கம் காவல்துறைச் செய்திகளில் அடிபடுகிறது. மருத்துவமனை வாசலில் இவர்கள் எதிர்கொள்ளும் முதல் சொல் 'எம்.எல்.சி. போடுங்கள்' என்பது, அதாவது காவல்துறைக்குத் தகவல் தரப்பட வேண்டிய வழக்கு என்ற பதிவு. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே நண்பர்கள் மயங்கியவனை வாசலில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், அல்லது கொண்டுவருவதே இல்லை. சிகிச்சைக்குத் தாமாக முன்வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ என்ற பிரிவு அதே 1985 சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மூச்சின்றிக் கிடப்பவர் எதற்கும் தாமாக முன்வர முடியாது.

மணிப்பூர் இதற்கு வேறு விடை கண்டது. 1980களில் மியான்மர் வழியாக ஹெராயின் பெருகி, ஊசி வழியாக எச்.ஐ.வி.யும் பரவிய அந்த மாநிலத்தில், போதை ஊசி பயன்படுத்துவோருக்கான மையங்களில் இருந்த முன்னாள் பயனாளர்களுக்கே மிகையளவை அடையாளம் காணவும் நாலக்சோன் செலுத்தவும் பயிற்சி தரப்பட்டது. சிகாகோவில் டான் பிக் என்பவர் 1996இல் இதையே தொடங்கியிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், மிகையளவை நேரில் காண வாய்ப்புள்ள எவருக்கும் இந்த மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்றது. அப்சல்கஞ்சில் மாணவர்களின் கையில் குளோரோஃபாம் புட்டியைக் கொடுத்த லாரியின் துணிச்சல் இதில் வேறு வடிவில் தெரிகிறது.

தெலங்கானாவின் சிக்கல் இன்னும் கொஞ்சம் மாறுபட்டது. 'கள்ளு காம்பவுண்ட்' என்று ஐதராபாத்தில் சொல்லப்படும் கடைகளில் விற்கும் கள்ளில் அல்பிரசோலம், டயசிபாம், குளோரல் ஹைட்ரேட் போன்ற உறக்க மருந்துகள் கலக்கப்படுவது நெடுங்கால வழக்கம். 2015 செப்டம்பரில் கலப்படத்துக்கு எதிரான நடவடிக்கை தீவிரமானபோது நிஜாமாபாத், மகபூப்நகர் போன்ற மாவட்டங்களில், கலப்படக் கள் திடீரென்று கிடைக்காமல் போனவர்கள் வலிப்பும் பிதற்றலுமாக நூற்றுக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். தாங்கள் அடிமையாகியிருந்தது கள்ளுக்கல்ல, மாத்திரைக்கு என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. இவை ஓபியாய்டுகள் அல்ல, நாலக்சோன் இவற்றுக்கு வேலை செய்யாது. ஆனால் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை இரட்டிப்பாக அழுத்துபவை இவையே. ஆகவே இப்பகுதி அவசரப் பிரிவில் நாலக்சோன் கொடுத்தும் விழிக்காத ஒருவரைக் கண்டு 'மருந்து பலிக்கவில்லை' என்று கைவிடாமல், பையால் மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்கப் பணியாளர் பழக வேண்டியிருக்கிறது.

ஏ.எஸ்.ராவ் நகருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் செர்லப்பள்ளி மத்தியச் சிறை இருக்கிறது. சிறையிலோ மீட்பு மையத்திலோ சில மாதம் விலகியிருந்தவரின் உடல் தன் பழைய தாங்குதிறனை இழந்துவிடும், பழைய அளவை நினைத்து ஊசி போட்டால் அது சாவளவாகிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான கைதிகளைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் மிகையளவால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கணக்கிட்டது. எனவே தடுப்புப் பயிற்சி என்பது அவசரப் பிரிவில் தொடங்குவதன்று. விடுதலைச் சீட்டில் கையெழுத்திடும் நாளில் சிறை மருத்துவரோ, மையத்தின் ஆலோசகரோ பத்து நிமிடம் உட்கார்ந்து இந்த ஒன்றைச் சொல்லுவதில் தொடங்குகிறது, வீட்டார் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு.

மூக்கில் பீய்ச்சும் நாலக்சோன் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பின்னர் அங்கே மருந்துச் சீட்டில்லாமலும் விற்கப்பட்டு, பேருந்து ஓட்டுநர் பையிலும் நூலக மேசையிலும் இடம்பிடித்தது. இந்தியாவில் அது பெரும்பாலும் 0.4 மில்லிகிராம் ஆம்பியூலாக, மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காத ஊசிமருந்தாகவே இருக்கிறது. மருத்துவமனைகளில் அதை நிச்சயமாகத் தேடி எடுக்கக்கூடிய இடம் அறுவை அரங்கில் மயக்க மருத்துவரின் தட்டு. ரூபாபாயின் காலத்தில் மூச்சைக் காக்கும் ஆள் எந்த அறையில் நின்றாரோ, மருந்தும் இன்றுவரை அந்த அறையை விட்டு அதிகத் தூரம் வெளியே வரவில்லை.